ஒரு கரண்டி மருந்து

"கம்பவுண்டரய்யா, மருந்து தீந்துபோச்சு. இன்னொரு பாட்டில் குடுங்க."

வள்ளிக்கண்ணு நீட்டிய பாட்டிலை அழகுசுந்தரம் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கழுவிவிட்டதுபோல் காலி. ஒரு மாதத்துக்கு வர வேண்டிய வயிற்றுப் பூச்சி மருந்து. கொடுத்து நாலு நாள்தான் ஆகியிருந்தது.

"கீழ கொட்டிட்டியா ஆத்தா?"

"ஒரு சொட்டுச் சிந்தல. நீங்க சொன்ன மாதிரி காலையில ஒரு கரண்டி. அம்புட்டுத்தான்."

"எந்தக் கரண்டி?"

அவள் பைக்குள் கைவிட்டு எடுத்து மேசைமேல் வைத்தாள். குழம்புக் கரண்டி.

அழகுசுந்தரம் சட்டென்று எழுந்து வாசலை எட்டிப் பார்த்தார். வள்ளிக்கண்ணுவின் ஆறு வயது மகள் மீனம்மாள் வேப்பமரத்தடியில் நொண்டியடித்து விளையாடிக்கொண்டிருந்தாள். இப்போதைக்கு நன்றாகத்தான் இருக்கிறாள்.

அது அறுபத்தொன்பதாம் வருடம். ஆத்தங்குடி தர்ம ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் வீட்டிலிருந்தே பாட்டில் கழுவிக் கொண்டுவருவார்கள். ரோஸ் கலர் மிக்சரை ஊற்றி, வேளைக்கு ஒரு வெட்டாக வெட்டிய காகிதப் பட்டையைப் பாட்டிலின் முதுகில் ஒட்டித் தருவார் அழகுசுந்தரம். பிள்ளைகளுக்கென்று தனி அளவெல்லாம் அப்போது கிடையாது. பெரியவர்களுக்கு ஒரு மாத்திரை என்றால் பிள்ளைக்குப் பாதி, கைப்பிள்ளைக்குக் கால். அந்தக் கால் மாத்திரையைப் பேனாக்கத்தியால் தூள் சிதறாமல் வெட்டுவதில் சுற்றுவட்டாரத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

அந்த அளவு சரிதானா என்று பார்க்கத்தான் நாலு நாளைக்கு முன்பு மதுரையிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கினார் குழந்தை டாக்டர் நீலாயதாட்சி.

"பிள்ளைக்கு எவ்வளவு குடுத்தாக் கேக்கும், எவ்வளவு குடுத்தாக் கெடுதல்னு யாரும் அளந்து பார்க்கல. நாம பார்ப்போம்" என்றார். முப்பது பிள்ளைகளை எடை போட்டு, வீட்டுக்கு ஒரு பாட்டில் கொடுத்தார். மருந்து பிள்ளைக்கு என்னென்ன செய்கிறது என்று எழுதிவைக்க ஒரு நோட்டைக் கம்பவுண்டரிடம் கொடுத்தார். பாட்டிலில் 'தினம் ஒரு டீஸ்பூன்' என்று ஒட்டியிருந்தது.

"டீஸ்பூன்னா இங்க யாருக்கும்மா வெளங்கும்? நான் பக்குவமாச் சொல்லிக்கிறேன்" என்று பொறுப்பை வாங்கிக்கொண்டவர் அழகுசுந்தரம்தான். முப்பது வீட்டுக்கும் பக்குவமாகச் சொன்னார். ஒரு கரண்டி.

இப்போது மேசைமேல் குழம்புக் கரண்டியைப் பார்த்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார். பெரிய வீட்டுச் சொர்ணவல்லி ஆச்சி, கண்ணுக்கே தெரியாத அளவு சின்ன வெள்ளி நெய்க்கரண்டியைக் காட்டினார். அடுத்த வீட்டில் சோற்றுக் கரண்டி. அதற்கடுத்த வீட்டில் எண்ணெய்க் கரண்டி. முப்பது வீட்டில் முப்பது கரண்டி.

"கரண்டியைத் தொடாதீக! இனிமே ஒரு மூடி குடுங்க, போதும்" என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்று மத்தியானச் சாப்பாடு நிம்மதியாக இறங்கியது.

மறுநாள் காலை பத்தர் வீட்டுப் பிச்சையம்மாள் வந்தாள்.

"மூடியில குடுத்தியா?"

"குடுத்தேன்யா. நாரெல்லாம் சொரண்டி, நல்லாக் கழுவி, ரொம்ப ஊத்திக் குடுத்தேன்."

"நாரா?"

அவள் முந்தானைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினாள். தேங்காய் மூடி.

"பாட்டில் மூடி! பாட்டில் மூடி!" என்று அழகுசுந்தரம் கத்தினார்.

"அப்பிடி விவரமாச் சொல்லணும்ல? மூடின்னா இங்க தேங்கா மூடிதான்."

அழகுசுந்தரம் தபாலாபீசுக்கு ஓடி மதுரைக்கு டிரங்க் கால் போட்டார். லைன் கிடைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. டாக்டர் உடனே கிளம்புவதாகச் சொன்னார். திரும்பும் வழியெல்லாம், "யாரும் மருந்து குடுக்காதீக! அளவு கூடிப்போச்சு!" என்று கூவிக்கொண்டே வந்தார்.

அதுதான் வினையாயிற்று. அரை மணியில் ஆஸ்பத்திரி வாசலில் முப்பது வீடும் நின்றது.

"எம்புள்ள வாய் ஓயாமப் பேசுதுய்யா!"

"அது எப்பவும் பேசுறதுதானே?"

"இன்னைக்குப் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லுதுய்யா!"

"புள்ள வச்ச மிச்சத்த நான் நக்கிப் பாத்தேன். ஆளெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுறாக."

"எம்மகனுக்குக் கை நடுங்குது!"

ஒவ்வொன்றையும் அழகுசுந்தரம் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். வள்ளிக்கண்ணு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். மீனம்மாள் அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"பகல்ல கண்ண மூடுற பிள்ளையா இது? எழுப்பினா எந்திரிக்க மாட்டேங்குது" என்று அழுதாள்.

இருபத்திரண்டு வருடமாகக் கால் மாத்திரையைச் சிதறவிடாத மனிதர் நோட்டை மூடி வைத்தார். 'என் வாயால வந்தது' என்று அவர் உள்ளுக்குள் நொந்துகொண்டிருக்கும்போதே, யாரோ ஒருவர் உப்புத் தண்ணீர் கரைத்துப் பிள்ளைகளைக் கக்கவைக்கலாம் என்று குடத்தைத் தூக்கினார்.

"நிறுத்துங்க! டாக்டரம்மா வர்ற வரைக்கும் ஒண்ணும் குடுக்கப்படாது. மருந்துல ஒண்ணும் இல்ல. இங்க பாருங்க!"

சொர்ணவல்லி ஆச்சியின் பாட்டிலில் மீதி இருந்ததைக் குழம்புக் கரண்டி நிறைய ஊற்றி ஒரே மடக்கில் குடித்தார். கூட்டம் அடங்கியது. குடத்தைத் தூக்கியவர் இறக்கி வைத்தார்.

கால் மணி நேரம் தாக்குப் பிடித்தார். பிறகு காது அடைத்தது. நாக்கு தடித்தது. வேர்த்துக் கொட்டியது. தரையில் பதித்திருந்த பூக்கல்லில் சிவப்புப் பூவும் பச்சைப் பூவும் இடம் மாறி நடக்கத் தொடங்கின. அப்படியே சாய்ந்தார்.

ஜீப் வந்து நின்றது. நீலாயதாட்சி நேராக மீனம்மாளிடம் போய், நாடி பிடித்து, கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். மீனம்மாள் கொட்டாவி விட்டாள்.

"இன்னைக்கு மருந்து இல்லையா?" என்று கேட்டாள்.

அதன்பின் டாக்டர் செய்தது எதுவும் அழகுசுந்தரத்துக்குப் புரியவில்லை. எல்லாக் கரண்டிகளையும் கொண்டுவரச் சொல்லி வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊற்றி, கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் அளந்து, மும்முரமாக எழுதினார்.

"தப்பெல்லாம் என்னுதும்மா. என்னை வேலைய விட்டு அனுப்பிருங்க" என்றார் அழகுசுந்தரம், படுத்தபடி.

"நீங்க போயிட்டா இதையெல்லாம் யாரு எனக்குச் சொல்றது? அந்தத் தேங்காய் மூடியைத் தூக்கிப் போட்டுராதீங்க. அதையும் அளக்கணும்" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கரண்டியை எடுத்தார்.

ஜீப் டிரைவர் சோணைமுத்து ஒரு செம்புத் தண்ணீருடன் வந்து பக்கத்தில் குத்தவைத்தார்.

"ஏண்ணே இப்பிடிக் கெடக்கீக?"

"ஒரு கரண்டி குடிச்சேன் தம்பி. மருந்து தலைக்கு ஏறிருச்சு. காலு ரெண்டும் மரத்துப்போச்சு. வீட்டுல பக்குவமாச் சொல்லிரு."

சோணைமுத்து டாக்டர் இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவர் காதருகே குனிந்தார்.

"எந்த வீட்டுல எதுல அளக்குறாகன்னு பாக்கத்தாண்ணே இந்த மாசம், முப்பது பாட்டிலும் நான் காய்ச்சி ஊத்துன சீனிப்பாகு, மருந்து இன்னும் மதுரைய விட்டே கெளம்பல."