சிவப்பு இடது, பச்சை வலது

சாயங்கால வேளையில் ஏரிப் படகுத்துறைப் பக்கம் போயிருக்கிறீர்களா? அங்கே நீர்க்காகம் உண்டு, நண்டு உண்டு, மீன் தலைக்குத் தவம் கிடக்கும் பூனை உண்டு. இவை தவிர, பொழுது சாய்ந்ததும் வெளியே வரும் இன்னொரு ஜீவனும் உண்டு. ஒரு கை இடுப்பில் இருக்கும், மறு கையில் டார்ச் இருக்கும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஊரார் படகுகளின் விளக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, "தப்பு, தப்பு" என்று உச்சுக்கொட்டும். இதற்கு விளக்குத் திருத்தி என்று பெயர் வைப்போம். கடிக்காது. பேசும்.

இந்த இனத்தில் நன்றாக வளர்ந்த ஒருவரைக் காட்டுகிறேன், வாருங்கள். அவரைத் துறையில் எல்லோரும் கேப்டன் என்கிறார்கள். கப்பல் ஓட்டியவர் என்று நினைத்துவிடாதீர்கள். காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு ஒரு சிறிய மோட்டார் படகு வாங்கினார், கூடவே தங்கச் சரிகை போட்ட வெள்ளைத் தொப்பி ஒன்றும் வாங்கினார். பட்டம் தொப்பியைப் பார்த்து வந்தது.

கேப்டனுக்குத் தெரிந்த சட்டம் சின்னது, ஆனால் சரியானது. இருட்டில் ஓடும் படகுக்கு இடப் பக்கம் சிவப்பு விளக்கு, வலப் பக்கம் பச்சை விளக்கு, உயரத்தில் சுற்றிலும் தெரியும்படி ஒரு வெள்ளை விளக்கு. நங்கூரம் போட்டு நின்றால் வெள்ளை மட்டும். எதிரே வருபவன் சிவப்பைப் பார்த்தால், ஓகோ, இது அந்தப் படகின் இடப் பக்கம் என்று புரிந்துகொள்வான். பச்சையைப் பார்த்தால் வலப் பக்கம். அதை வைத்துத்தான் அந்தப் படகு எந்தத் திக்கில் போகிறது, தான் எப்படி ஒதுங்குவது என்று இருட்டில் கணக்குப் போடுவான். இதை அழகாக இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். கேப்டனால் முடியாது.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் தண்ணீர் டம்ளர் ஒரு படகாகிவிடும், உப்பு ஜாடி எதிர்ப் படகாகிவிடும், மூக்குக் கண்ணாடிக் கூடு கலங்கரை விளக்கமாகிவிடும். விருந்தாளி உப்பு கேட்டால், "இருங்க, அது இப்பத்தான் திரும்புது" என்று பதில் வரும். துறையில் கட்டிக் கிடக்கும் படகில் யாராவது எல்லா விளக்கையும் போட்டுவிட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தால், அந்தக் காபி ஆறித்தான் போகும். அழகுக்காக நீல விளக்குச் சரம் சுற்றிய படகைப் பார்த்தால் அவருக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். முன்னால் பெரிய விளக்கைப் போட்டுக்கொண்டு வருபவர்களிடம் அவர் சொல்வது ஒரே வாசகம்: "விளக்கு நாம பாக்கறதுக்கு இல்ல. அடுத்தவன் நம்மளப் பாக்கறதுக்கு."

பொன்னான வாசகம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் வைத்துக்கொள்ளவில்லை.

படகு வாங்கிய புதிதில் விளக்குகளை அவரே மாட்டினார். மெக்கானிக்கை நம்புவாரா? படகு மூக்கைத் துறையில் முட்டிக்கொண்டு நின்றது. கேப்டன் துறையில் மண்டியிட்டு, படகைப் பார்த்தபடி உட்கார்ந்தார். "சிவப்பு இடது" என்று இடக் கைப் பக்கம் சிவப்பை முடுக்கினார். "பச்சை வலது" என்று வலக் கைப் பக்கம் பச்சையை முடுக்கினார். பக்கத்தில் திருகாணிகளை ஏந்திக்கொண்டிருந்த மனைவிக்கு என்னவோ உறுத்தியது.

"ஏங்க, இடதுன்னா உங்க இடதா, படகோட இடதா?"

கேப்டன் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, கணக்கில் முட்டை வாங்கிய பிள்ளையைப் பார்ப்பதுபோல் மனைவியைப் பார்த்தார். "இடதுன்னா இடதுதான். படகுக்குத் தனியா ஒரு இடதா இருக்கு? இதுக்குத்தான் சொல்றேன், நீ ஸ்டீயரிங் பக்கமே வராத."

படகு ஓட்ட வேண்டும் என்று அந்த அம்மாளுக்குக் கொள்ளை ஆசை. தன் தம்பியின் படகில் நன்றாகவே ஓட்டப் பழகியும் இருந்தார். ஆனால் கேப்டன் படகில் அவருக்கு ஒதுக்கப்பட்ட வேலை, தொப்பி காற்றில் பறந்தால் பிடிப்பது.

நீங்கள் கேட்பது காதில் விழுகிறது: இத்தனை நாள் அவர் கண்ணில் படவில்லையா? எப்படிப் படும்? பகலில் அந்த விளக்குகள் வெறும் வெள்ளைக் கண்ணாடி, நிறம் பின்புறத்தில்தான் எழுதியிருக்கும். இரவில் ஓட்டுபவர் கண் கூசாதபடி மறைப்பு வைத்திருக்கிறது. தன் விளக்கு தன் கண்ணுக்குத் தெரியாதபடிதான் படகையே செய்கிறார்கள்.

ஆனால் எதிரே வந்தவர்களுக்குத் தெரிந்தது. போகிறது என்று நினைத்த படகு வந்தது, இந்தப் பக்கம் என்று நினைத்தது அந்தப் பக்கம் போனது. அவர்கள் தயங்கினார்கள், தடுமாறினார்கள், ஒருவர் பயத்தில் மணல் திட்டில் ஏறியே விட்டார். ஒவ்வொரு முறையும் கேப்டன் எழுந்து நின்று, "சட்டம் தெரியாதவனெல்லாம் தண்ணியில இறங்கறான்" என்று திட்டுவார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவருக்கு ஏரியே கோணலாகத் தெரிந்தது.

துறையில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் பூனைக்கு மணி கட்டுவது யார்? கேப்டனிடம் விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசினால் பதிலாக ஒரு மணி நேரம் வரும். அதற்கு மணல் திட்டே மேல் என்று ஒதுங்கிப் போனார்கள். இந்தச் சமயத்தில்தான் படகுச் சங்கத்தில் பாதுகாப்புப் பொறுப்பாளர் பதவி காலியானது. அதற்கு ஆரஞ்சு நிறக் கோட்டு உண்டு, ஊதல் உண்டு. கேப்டனுக்குத் தூக்கம் போனது. வேலையில் இருந்த காலத்தில்கூட எந்தப் பதவி உயர்வுக்கும் அவர் இப்படி ஏங்கியதில்லை. தன்னைச் சோதித்துப் பார்த்தே தேர்ந்தெடுக்கும்படி அவரே ஒரு ஏற்பாடு சொன்னார். இருட்டியதும் ஒரு படகு ஏரிக்குள் நீண்டிருக்கும் நிலமுனைக்குப் பின்னாலிருந்து வரவேண்டும். அவர் துறையில் நின்று, விளக்கை மட்டும் பார்த்து, அது எந்தப் பக்கம் போகிறது என்று மைக்கில் சொல்வார். பிறகு உறுப்பினர்கள் கை தூக்கலாம்.

சங்கச் செயலாளர் பல் டாக்டர். வாயைத் திறந்தவர்களைச் சமாளிப்பதே அவர் தொழில். தன் படகையே அனுப்புவதாக ஒப்புக்கொண்டார். அன்று சாயங்காலம் பார்த்து அவர் படகு என்ஜின் கிளம்பவில்லை. தானாகக் கெட்டதா, கெடச் சொல்லிக் கெட்டதா, நமக்கெதற்கு? அவர் கேப்டனிடம் சொல்லாமல் அந்த அம்மாளிடம் போய் நின்றார். அம்மாள் மறு பேச்சுப் பேசாமல் வீட்டு ஆணியில் தொங்கிய படகுச் சாவியை எடுத்துக்கொண்டார்.

இருட்டியது. துறையில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. முனைக்குப் பின்னாலிருந்து ஒரு வெள்ளைப் பொட்டு வந்தது, அதன் கீழே ஒரு சிவப்புப் பொட்டு. கேப்டன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சிவப்பு தெரியுது. அதோட இடப் பக்கம் நம்மளப் பாத்திருக்கு. ஆகவே அது நமக்கு இடது கைப் பக்கமாப் போகுது."

படகு வலது கைப் பக்கமாகப் போனது. நாற்காலிகளில் இருந்த தலைகளெல்லாம் அதோடு சேர்ந்து வலப் பக்கம் திரும்பின.

"ரிவர்ஸ்ல போறான்" என்றார் கேப்டன்.

படகு வேகம் எடுத்தது. எந்தப் படகும் அந்த வேகத்தில் பின்னோக்கிப் போகாது என்பது கேப்டனுக்கும் தெரியும். அவர் முகம் இறுகியது.

"இப்பப் புரியுது. விளக்கையே மாத்தி மாட்டியிருக்கான். எந்த மடையன் படகு இது? இவனையெல்லாம் தண்ணியில விடவே கூடாது. கூட வர்ற பொண்டாட்டி பிள்ளைங்க உயிருக்கு யார் பொறுப்பு?"

பல் டாக்டர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். படகு வளைந்து, துறை விளக்கின் வெளிச்சத்துக்குள் வந்து, பூப்போல ஒட்டி நின்றது. ஸ்டீயரிங்கில் கேப்டனின் மனைவி.

"ஏங்க," என்றார் அந்த அம்மாள், "உங்க இடதா, படகோட இடதா?"

கேப்டனுக்கு அவமானம் பிறகுதான் வந்தது, பயம்தான் முதலில் வந்தது. இவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு எத்தனை இரவு இந்த விளக்குகளோடு போயிருக்கிறோம் என்று நினைத்து மைக்கைத் தாழ்த்தினார். மணல் திட்டில் ஏறியவர் கொஞ்சம் தைரியசாலியாக இருந்து, ஒதுங்காமல் நேரே வந்திருந்தால்? பாவம், மனிதர் ஒரு கணம் நிஜமாகவே நொந்துபோனார்.

ஒரு கணம்தான். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு கூட்டத்தைப் பார்த்தார்.

"பாத்தீங்களா? மாத்தி மாட்டினா எவ்வளவு ஆபத்துன்னு உங்களுக்குக் காட்டத்தான் இந்த ஏற்பாடு."

குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை. பல் டாக்டர் எழுந்து, கேப்டனே பொறுப்பாளராகலாம் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார். என்ன ஆச்சரியம், எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஆரஞ்சுக் கோட்டைப் போட்டுவிட்டு, ஊதலைக் கழுத்தில் மாட்டிய பிறகுதான் டாக்டர் சங்க விதியை நினைவூட்டினார்: இருட்டிய பிறகு பொறுப்பாளர் துறையை விட்டு நகரக் கூடாது.

இப்போது சாயங்காலமானால் கேப்டன் கரையில் நின்று ஊதுகிறார். விளக்குகளை அந்த அம்மாளே, படகுக்குள் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்து, இடம் மாற்றிவிட்டார். தினமும் அவர்தான் ஓட்டிக்கொண்டு போகிறார். கேப்டன் கரையிலிருந்து ஏதேதோ திருத்தம் சொல்லிக் கத்துவார். என்ஜின் சத்தத்தில் எதுவும் கேட்பதில்லை என்கிறார் அம்மாள். ஏரியில் யாரும் மணல் திட்டில் ஏறுவதும் இல்லை.

வாசகரே, இதைப் படிக்கும்போது உங்களுக்கு உங்கள் சகலையின் முகமோ மேலதிகாரியின் முகமோ நினைவுக்கு வந்திருக்கும். அவரிடம் இதைக் கொடுத்துப் படிக்கச் சொல்லலாமே என்றுகூடத் தோன்றியிருக்கும். தாராளமாகக் கொடுங்கள். அதற்கு முன் ஒன்று மட்டும்: சமீப காலமாக உங்களுக்கு எதிரே வருகிறவர்களெல்லாம் காரணமில்லாமல் தயங்கி, தப்பான பக்கம் ஒதுங்குகிறார்களா? அப்படியானால் ஒரு சாயங்காலம் சாவியை வீட்டில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் கரையில் போய் நின்று பாருங்கள். மைக்கை மட்டும் கையில் வாங்கிவிடாதீர்கள்.