சிவப்புப் பொட்டு வைத்த ரீட்

இந்த வருஷக் கோயில் பெருநாள் பவனியில் கிளாரினெட்டோடுதான் நடப்பது என்று நாகேந்திரம் முடிவெடுத்துவிட்டார். அலுமாரிக்கு மேலே வருஷக்கணக்காகக் கிடந்த பெட்டியை இறக்கித் திறந்தார். எல்லாம் பத்திரமாக இருந்தது. வாயில் வைக்கிற அந்தக் கறுப்பு மவுத்பீஸ் மட்டும் நடுவால் வெடித்திருந்தது.

"சகுனம் சரியில்ல" என்றாள் மனைவி லவினா, மீன் வெட்டிக்கொண்டே.

"நீ வேதக்காரி. சகுனம் பாக்கக் கூடாது."

"நீங்க சைவம்தானே. உங்களுக்காகத்தான் பாத்தனான்."

கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் கோயில் பேண்டை இப்போது நடத்துகிறவன் லவினாவின் அக்கா மகன் ஜெனிஸ்டன். பேண்ட் தொடங்கி அறுபது வருஷமாகிறது, பழைய ஆட்கள் எல்லாரும் இந்தமுறை பவனியில் நடக்க வேண்டும் என்று வெள்ளவத்தை வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனான். போகும்போது வாசலில் நின்று, "ஊத ஏலாட்டிக் கொடி பிடிக்கலாம் சித்தப்பா" என்றான். அந்த ஒரு சொல்தான் பெட்டியை இறக்க வைத்தது.

கொடி பிடிக்கிற ஆளா அவர்? மாஸ்டரின் காலத்தில் சிவப்புப் பொட்டு ரீட் வாங்கியவர்.

மாஸ்டர் என்றால் லவினாவின் அப்பா. ஜம்பட்டா வீதிச் சைவப் பொடியன் ஒருவன் வேதக்கோயில் பேண்டில் போய்ச் சேர்ந்ததற்கு, மாஸ்டருக்கு ஒரு மகள் இருந்ததைத் தவிர வேறு காரணம் இல்லை. நாதஸ்வரத்துக்குச் சீவாளி மாதிரி கிளாரினெட்டுக்கு ரீட். மவுத்பீஸோடு சேர்த்துக் கட்டுகிற நாணல் தகடு. நம்பர் ஏற ஏற வைரம், ஊதப் பலம் வேண்டும். யாருடைய மவுத்பீஸுக்கு எது பொருந்தும் என்று மாஸ்டர்தான் ஊதிப் பார்த்துத் தெரிவு செய்வார். நம்பரைக் கண்டால் பொடியன்கள் நீ பெரிதா நான் பெரிதா என்று சண்டை பிடிப்பார்கள் என்று அதைச் சுரண்டிவிட்டு ஒரு பொட்டு வைப்பார். பெருநாளன்று பவனி புறப்படுமுன் லவினா வெள்ளைத் துணி விரித்த தட்டில் ரீட்டுகளை அடுக்கிக்கொண்டு வருவாள். எல்லாருக்கும் நீலப் பொட்டு. நாகேந்திரத்துக்கு மட்டும் சிவப்பு. மற்றவர்களுக்குக் கொடுக்கும்போது தட்டைப் பார்ப்பாள். அவருக்குக் கொடுக்கும்போது முகத்தைப் பார்ப்பாள். பார்த்துச் சிரிப்பாள்.

அந்தச் சிவப்பு ரீட் கல் மாதிரி இருக்கும். ஊதிவிட்டு வந்தால் அடுத்த நாள் பாண் கடிக்க முடியாது. பலமான நெஞ்சுக்குப் பலமான ரீட், அதுவும் மாஸ்டரின் மகள் கையால். வேறென்ன வேண்டும்? கடைசியாக வாங்கிய சிவப்பு ரீட் இன்றைக்கும் அவருடைய பேர்ஸில், பேத்தியின் படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

வெடித்த மவுத்பீஸை எடுத்துக்கொண்டு புறக்கோட்டை இசைக்கருவிக் கடைக்குப் போனார். கடைக்காரன் அதே மாதிரி ஒன்றைத் தேடி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"அங்கிள், மேக்கே கட்ட லொக்குய். தெக்க தமய் ஹரி."

வாய் அகலமான மவுத்பீஸ், ரெண்டாம் நம்பர் ரீட்தான் சரி என்று சிங்களத்தில் சொல்கிறான். ரெண்டு என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுகிற நம்பர். நாகேந்திரம் நான்கு விரலை நீட்டினார். கடைக்காரன் தோளைக் குலுக்கிவிட்டு நாலாம் நம்பரை எடுத்துக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்து, ரீட்டை வாயில் ஊற வைத்து, கட்டி, நெஞ்சை நிரப்பி ஊதினார். காற்று உள்ளே போனது. மறுபக்கத்தால் காற்றாகவே வந்தது. இன்னும் ஊதினார். கண்ணில் பூச்சி பறந்தது.

"எப்பிடி?" என்றார் மூச்சு வாங்க.

"அந்தக் காலத்தில வாசிச்ச மாதிரியே இருக்கு" என்றாள் லவினா.

நாற்பது வருஷத்தில் அவள் அவரைப் புகழ்ந்தது அதுதான் முதல்தரம். திரும்ப ஊதினார். அழைப்பு மணி அடித்தது. பக்கத்து வீட்டு பைறோஸா, முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"லவினாக்கா, ஒங்கட வூட்ல கேஸ் லீக் ஆகுதா? ஸ்ஸ்ண்டு சத்தம் வருது. லைட் சுவிச்சத் தொட வாணாம்!"

"கேஸ் இல்ல பைறோஸா. அவர் வாசிக்கிறார்."

"அல்லாஹ்! மருந்து எடுத்தாரா?"

அடுத்த கிழமை லவினா பூசைக்குப் போன நேரம் பார்த்து நாகேந்திரம் மறுபடியும் புறக்கோட்டைக்குப் போய், தலையைக் குனிந்துகொண்டு ரெண்டாம் நம்பரை வாங்கி வந்தார். ஊதினார். வந்தது! கரையோர ரயில் அவர்களுடைய நாலாம் மாடி வீட்டுக்கு ஏறி வந்த மாதிரி ஒரு சத்தம். காகங்கள் பல்கனியை விட்டு எழும்பின. சுருதி கொஞ்சம் அங்கே இங்கே போனது. போகட்டும். சத்தம் என்று ஒன்று வந்ததே.

ஆனால் பழைய பேண்ட்காரர்கள் எட்டிப் பார்ப்பார்களே. நாகேந்திரம் ரெண்டுக்கு இறங்கிவிட்டான் என்று சிரிப்பார்களே. பிளேடால் நம்பரைச் சுரண்டினார். லவினாவின் நெயில் பொலிஷைத் தொட்டு ஒரு சிவப்புப் பொட்டு வைத்தார். காய்ந்ததும் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் ஒளித்தார். இப்படி ஒரு மூளை எல்லாருக்கும் வாய்க்காது என்று பட்டது.

பெருநாளன்று மாலை, கோயில் முற்றத்தில் பழைய ஆட்கள் வரிசையாக நின்றார்கள். பாதிப்பேருக்குப் பல் இல்லை. அவர்கள் கொடி பிடித்தார்கள். ஜெனிஸ்டன் கையைத் தட்டினான்.

"மாஸ்டரின்ட காலத்தில மாதிரி இண்டைக்கு லவினா சின்னம்மாதான் ரீட் தருவா!"

வெள்ளைத் துணி விரித்த தட்டோடு லவினா வந்தாள். தலைமயிர் நரைத்திருந்தது, நடையில் முழங்கால் நோவு தெரிந்தது. வரிசை முழுக்க நீலப் பொட்டு. நாகேந்திரத்தின் முன்னால் வந்து நின்றாள். சிவப்புப் பொட்டு. முகத்தைப் பார்த்தாள். சிரித்தாள்.

அதே சிரிப்பு. அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

என்றாலும் அவர் புத்தியை விடவில்லை. இவள் பழைய நினைவில் கல்லு ரீட்டைத்தான் தந்திருப்பாள். இன்றைக்கு அவருடைய சத்தம் ஊருக்குக் கேட்டாக வேண்டும். வாங்கிய ரீட்டை மெல்லச் சட்டைப் பைக்குள் போட்டார். சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணாடிக் கூட்டைத் திறந்தார். மங்கல் வெளிச்சத்தில் சிவப்புப் பொட்டு தெரிந்தது. எடுத்துக் கட்டினார்.

வெடி கொளுத்தினார்கள். டிரம் அடி விழுந்தது. நாகேந்திரம் ஊதினார்.

காற்று.

கன்னம் ரெண்டும் தேங்காய் மாதிரி உப்ப ஊதினார். காற்று. முன்னும் பின்னும் பேண்ட் முழங்கியது. மெழுகுதிரியோடு நின்ற சனம் அவரைப் போனில் படம் பிடித்தது. யாரோ பெருவிரலை உயர்த்திக் காட்டினார். கொட்டாஞ்சேனைத் தெருக்கள் எல்லாம் அவர் காற்றாகவே சுற்றி வந்தார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் கிளாரினெட் பெட்டி லவினாவின் மடியில் இருந்தது.

"ஒரு சத்தம் வரேல்ல, லவினா."

"நான் தந்ததைப் போட்டீங்களா?"

நாகேந்திரம் சட்டைப் பையைத் தடவினார்.

"கண்ணாடிக் கூட்டில இருந்ததைப் போட்டீங்க. அது பேர்ஸில இருந்த பழசு, நான் மாத்தி வைச்சது. நீங்க பொட்டு வைச்ச புதுசைத்தான் தட்டில வைச்சு என்ட கையால தந்தனான். பைறோஸா சொன்னவள், நான் பூசைக்குப் போன நேரம் சத்தம் வந்தது எண்டு."

"மாத்தினதைச் சொல்லியிருக்கலாமே!"

"நெயில் பொலிஷ் எடுத்ததைச் சொன்னீங்களா?"

"நான் உன்ட ரீட்டைப் போட்டிருந்தாச் சத்தம் வந்திருக்குமே?"

"நாப்பது வருஷத்தில நான் தந்த எதை நீங்க அப்பிடியே போட்டனீங்க?"

ஆட்டோ கொள்ளுப்பிட்டியைத் தாண்டியது. அவர் மெல்லக் கேட்டார்.

"பழசும் சத்தம் வரேல்லயே. மாஸ்டர் எனக்கெண்டு தந்தது."

"உங்கட மவுத்பீஸ் வாய் அகலம். அதுக்கு வைரமான ரீட் போட்டாக் காத்துத்தான் வரும். அப்பாவுக்கு நல்லாத் தெரியும். 'நல்ல பொடியன், சுருதிதான் சேராது. வராதே எண்டு சொல்ல மனமில்ல. நடக்கட்டும், சத்தம் கேக்காட்டிச் சரி' எண்டு சொல்லித்தான் சிவப்புப் பொட்டு வைச்சவர்."

"அது எல்லாருக்கும் தெரியுமா?"

"உங்களைத் தவிர."

நாகேந்திரத்துக்குக் கடைசியாக ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதையும் கேட்டார்.

"அப்ப, நீ ஏன் என்னைப் பாத்து மட்டும் சிரிச்சனீ?"

"சிரிப்பு வந்தது, சிரிச்சனான்" என்றாள் லவினா. "நீங்கதான் அடுத்த கிழமையே அம்மாவையும் கூட்டிக்கொண்டு பெண் கேட்டு வந்து நிண்டீங்க."