ஃபாதர் சொன்ன லத்தீன்

அன்னிக்கி ஒரு சபதம் போட்டேன். என் பொண்டாட்டி கிளாராவ மத்தியானம் ஒரு மணிக்கு சாப்பிட வெச்சே தீருவேன். ஒரகடம் லாரி கம்பெனில இன்ஜினையே ஓட வெக்கிற யேசுராஜுக்கு இது ஒரு வேலையா?

வேலைதாங்க. அவளுக்கு அஞ்சாவது மாசம். தனியா சாப்பிட்டா எறங்கலியாம். நான் ஷிப்டு, அதுக்கு மேல ஓ.டி. எல்லாம் முடிச்சு, கம்பெனி பஸ்ல எங்க ஊரு மண்ணூர் வந்து எறங்க ஏழு மணி ஆவும். அதுவரைக்கும் ரெண்டு பிஸ்கட்டுதான். வெயிட்டே ஏறலன்னு நர்சம்மா என்னைப் புடிச்சு திட்டுச்சு.

ஞாயித்துக்கெழமை பூசையில ஃபாதர் ஒரு விசயம் சொன்னாரு. கம்பெனின்ற வார்த்தை லத்தீன்லருந்து வந்துதாம். 'கோம்'னா கூட. 'பானிஸ்'னா ரொட்டி. ஒண்ணா உக்காந்து ரொட்டி சாப்பிடறவங்கதான் கம்பெனி. மாட்னாடா கிளாரா! வூட்டுக்கு வந்ததும் ஆரம்பிச்சேன்.

"நாளைலருந்து ஒரு மணிக்கு கேன்டீன்லருந்து போன் போடறேன். நான் அங்க வாயில வெக்கறப்ப நீ இங்க வெய்யி. லத்தீன் பிரகாரம் நாம கம்பெனி."

"அங்க உங்க பக்கத்துல யாரு உக்காருவாங்க?"

"ஒரு ஒடிசாக்காரன்."

"இன்னா பேரு?"

"தெர்ல."

"எத்தினி வருசமா?"

"மூணு..."

"பேரு தெரியாதவன் கூட மூணு வருசமா ஒண்ணா சாப்பிடறீங்க. அப்ப அவன்தான் உங்க கம்பெனி. நான் யாருங்க?"

கண்ணு ரெண்டும் ரொம்பிடுச்சு அவளுக்கு. எனக்கே என்மேல ஆத்திரமா வந்துது. இவள இப்டி தனியா விட்டுட்டு இன்னாத்த சம்பாரிச்சு கிழிச்சேன்?

மறுநாள் சூப்பர்வைசர்கிட்ட போயி ஓ.டி. வேணாம்னுட்டேன்.

"ஏம்ப்பா?"

"கம்பெனி வேலை கீது சார்."

"எந்தக் கம்பெனி?"

"மண்ணூர் யூனிட்டு."

நாலு மணிக்கெல்லாம் வூட்ல இருந்தேன். ஒரு மணி நாலு மணியா ஆச்சு, ஆனா ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்தோம். வஞ்சிர மீன் கொழம்பு. மூணு தடவ சோறு போட்டுக்கினா. பாக்கப் பாக்க எனக்கு நெஞ்சு நெறஞ்சுபோச்சு. நேரா கோயிலுக்குப் போயி நன்றி சொன்னேன்.

"ஃபாதர், உங்க லத்தீன்தான் என் பொண்டாட்டிய சாப்பிட வெச்சுது."

அவரு சிரிச்சாரு.

"போன வாரம் கிளாரா வந்துதுப்பா. 'சீக்கிரம் வூட்டுக்கு வாங்க, ஒண்ணா சாப்பிடலாம்னு நான் சொன்னா அவரு கேக்க மாட்டாரு ஃபாதர், லத்தீன்ல சொன்னா கேப்பாரு'ன்னுச்சு. லத்தீன் மட்டும்தான் என்னுது. கம்பெனின்ற வார்த்தைய எடுத்துக் குடுத்ததே உன் பொண்டாட்டிதான்."