வெறுங்கண்ணாடியைக் கண்டு ஓடிய கதை

ஒரு பொருளைப் பற்றி நூல் படித்துவிட்டால் அப்பொருளே தெரிந்துவிடும் என்று நம்பிய மூடர்களுள் யானும் ஒருவன். எண்பதுகளின் நடுவில், இராசபாளையத்தில் தமிழாசிரியனாகச் சேர்ந்த புதிதில், அந்நம்பிக்கை ஒரு நீராவிப் பொறியையும் என் திருமணத்தையும் ஒருசேரக் கவிழ்க்கப் பார்த்தது.

எனக்குப் பார்த்திருந்த பெண்ணின் தந்தை சரக்குத் தொடர்வண்டி ஓட்டுநர். அவருடைய ஒய்.ஜி. வகை நீராவிப் பொறி மீட்டர் அகலப் பாதையில் கனத்த சரக்கிழுக்கவென்றே பிறந்தது. பணிமனையில் கொதிகலனைத் தனியே தூக்கி, குழாய்களை மாற்றி, சக்கரங்களைக் கடைந்து, அதற்கு மறுபிறவி அளித்து அனுப்பியிருந்தார்கள். மணத்தை உறுதி செய்யுமுன் என்னை அதில் ஏற்றிப் பார்க்க விரும்பினார் அவர் (மாப்பிள்ளை சூடு தாங்குவாரா என்று ஒரு சோதனையாம்!). வெளியாளை ஏற்றுவது குற்றம். ஓய்வுக்கு ஓராண்டே இருக்க, மேலிடத்துக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். ஆயினும் ஏற்றினார்.

பஞ்சுப் பொதிகளோடு திருவில்லிபுத்தூர் வந்து, எதிர்வரும் பயணியர் வண்டிக்காக நின்றோம். கொதிகலனுக்குள் நீர் ஏறிக்கொண்டிருந்தது. கையெழுத்திட நிலைய அதிகாரியின் அறைக்குப் புறப்பட்டவர் திரும்பினார்.

"மாப்ள, கேஜ் கிளாஸ் பாக்கத் தெரியும்லா?"

"ஐயமின்றித் தெரியும்." (நூலகத்தில் ஒரே மாலையில் கற்றது.)

"தண்ணிக்கோடு இந்த வளையத்துக்கு வந்ததும் சேவியருக்கு ஒரு கொரல் குடுங்க, வந்து தண்ணிய நிறுத்திருவான். கீழதான் சக்கரத்துக்கு எண்ணெ விட்டுட்டு இருக்கான்."

சேவியர் கரி அள்ளுபவர். நான் கொதிகலனின் நீர்மட்டம் காட்டும் அந்தக் கண்ணாடிக் குழாயை உற்றுநோக்கினேன். நடுவில் நீர்க்கோடு மெல்ல அசைந்தது. அவ்வேளையில் தந்தைக்குச் சோற்றுத்தூக்கோடு நடைமேடையில் வந்தாள் ஓட்டுநரின் மகள். எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று உரைப்பது என் வயதுக்கு அழகன்று.

திரும்பினால் கோட்டைக் காணவில்லை! மேலும் இல்லை, கீழும் இல்லை. வெறுங்கண்ணாடி.

நூலின் ஒரு வரி நெஞ்சில் அறைந்தது: நீர் வற்றிய கொதிகலன் வெடிக்கும். அடுத்த வரியும் அறைந்தது: வற்றியதில் நீர் விட்டாலும் வெடிக்கும். நீர்வரத்துத் திருகை மூடுவதா, விடுவதா? கணப்பினுள் நெருப்பு உறுமியது.

"சேவியர்! நீரில்லை! ஒரு சொட்டும் இல்லை!"

சக்கரங்களுக்கிடையிலிருந்து வெளிப்பட்டவர், "மாதாவே! குதிங்க சார்!" என்று வேலியைத் தாண்டினார். யானும் குதித்து ஓடினேன், அவளைக் கடந்தே ஓடினேன். "ஓடு" என்று ஒரு சொல் அவளிடம் சொன்னேனில்லை.

ஓட்டுநர் நிலைய அதிகாரியின் அறையிலிருந்து பாய்ந்து வந்தார். நெருப்பைக் கொட்டினால் பொறி பிழைக்கும். ஆனால் விசாரணை வரும், நான் யாரென்று கேட்பார்கள். கொட்டாவிட்டால்? ஒரு கணம் திகைத்து நின்றார்.

அதற்குள் அவள் தூக்கைக் கீழே வைத்துவிட்டுப் பொறியில் ஏறிவிட்டாள். கண்ணாடியின் மேல்திருகை மூடி, அடித்திருகைத் திறந்தாள். வெந்நீர் சீறியது.

"காலி இல்லப்பா! கிளாசுக்கு மேல தண்ணி நிக்குது. நெறஞ்சாலும் வத்துனாலும் பாக்க ஒண்ணு போலத்தான இருக்கும்!"

நீர் வரத்தை நிறுத்தி, மிகுந்ததை வெளியேற்றியதும், வண்டி உரிய நேரத்தில் கிளம்பியது. விசாரணை வரவில்லை. புறப்படுமுன் அவர் மகளிடம் கேட்டது, தண்ணீர்த்தொட்டியின் பின்னால் பதுங்கியிருந்த என் செவியிலும் விழுந்தது.

"ஏட்டி, இந்த ஆளு வேணுமா ஒனக்கு?"

"சேவியர் அண்ணனுக்குச் சொல்லிட்டுத்தானப்பா ஓடுனாவ. எனக்குத்தான் சொல்லல. அத நான் பொறவு கேட்டுக்கிடுதேன்."

கேட்டாள். மணமான நாள்முதல் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

இன்றும் நான் வாய்திறவாது ஆழ்ந்து அமர்ந்திருந்தால், மகள் அடுக்களைப் பக்கம் குரல் கொடுப்பாள்:

"எம்மா, அப்பா இப்ப நெறஞ்சிருக்காவளா, வத்திப்போய் இருக்காவளா?"

"பாத்தா தெரியாதுட்டி," என்பாள் என் மனைவி. "எதுக்கும் நீ செத்த தள்ளியே நில்லு. அவிய ஓடும்போது சொல்லிட்டு ஓடமாட்டாவ."