சம்பந்தி அவர்களுக்கு, கரடி விஷயமாக

பிளாக்வில்லோ, சஸ்காச்சுவான்
கிறிஸ்துமஸுக்கு முந்தைய செவ்வாய்

மரியாதைக்குரிய சம்பந்தி ஃபெர்கஸ் அவர்களுக்கு,

இங்கே நான், வீட்டுக்காரி ஸ்டெல்லா, டிரக், வீட்டுக் கொதிகலன் எல்லோரும் சுகம். அங்கே உங்கள் முழங்காலும் சம்பந்தியம்மாவின் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். இல்லையென்றால் இதை உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

முதலில் நல்ல செய்தி. உங்கள் மகனும் எங்கள் மாப்பிள்ளையுமான டெவின் சனிக்கிழமை கோல் போட்டுவிட்டார். நடுவர் ஒப்புக்கொள்ளவில்லை, அது வேறு விஷயம். உங்கள் ஊர்த் தொலைக்காட்சியில் கதையை மாற்றிக் காட்டியிருப்பார்கள். பெரிய கரடி பொம்மை ஒன்று பறந்து வந்ததாகவும், அதை எறிந்த கிழவன் டெவினின் மாமனார் என்றும் சொல்லியிருப்பார்கள். கேமராக்காரனுக்கு எந்தக் கோணம் பிடிக்குமோ அந்தக் கோணத்தில்தான் எடுப்பான். நடந்ததை நடந்தபடி எழுத நான் இருக்கிறேன்.

இந்த சீசனில் எங்கள் ஊர் ஐஸ் ஹாக்கி அணி பேட்ஜர்ஸ் ஆடிய லட்சணத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் ஊர் ஸ்டர்ஜன்ஸ்தானே வந்து வந்து வெளுத்துவிட்டுப் போனார்கள். எங்கள் கோல்கீப்பர் வீட்டுக்கூரையில் அலங்கார விளக்கு கட்டப்போய் ஏணியோடு விழுந்தான். பயிற்சியாளர் கடமான் வேட்டைக்கென்று காட்டுக்குள் போனவர், அங்கிருந்தே ராஜினாமாவைச் சொல்லி அனுப்பினார். தப்பாட்டம் ஆடியவர்களை உட்கார வைக்கும் தண்டனைப் பெட்டியில் கேப்டன் இருந்த நேரத்துக்கு அவனுக்கு வரும் தபாலையே அங்கே அனுப்பலாம். மாப்பிள்ளை மட்டும் பாவம், ஓடாத ஓட்டம் இல்லை. வலைக்கு இடப்பக்கம் அடித்தார், வலப்பக்கம் அடித்தார், மேலே அடித்துத் தடுப்புக் கண்ணாடியை உடைத்தார். உள்ளே மட்டும் போகவில்லை. பக்கத்து இருக்கை டோரீனை உங்களுக்குத் தெரியும், கல்யாணத்தில் பெரோகிக் கொழுக்கட்டை பரிமாறியவள். அவள் ஒவ்வொரு ஆட்டத்திலும் என் காதுக்குள்ளேயே வந்து, "ஓரெஸ்ட், வலை எந்தப் பக்கம்னு உன் மாப்பிள்ளைக்கு யாராச்சும் சொன்னீங்களா?" என்று கேட்பாள். நானும் தலையாட்டுவேன். பெண்ணைக் கொடுத்தவன் வேறென்ன செய்வது?

இதற்கிடையில் மேலாளர் ஹால் ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டான். கிறிஸ்துமஸுக்குள் டெவின் ஒரு கோலாவது போடாவிட்டால் வேறு அணிக்குக் கைமாற்றிவிடுவானாம். எங்கே என்று விசாரித்தால், தெற்கே ஏதோ பாலைவனத்து ஊராம். அங்கே ஹாக்கிக்கான பனியைத் தவிர வேறு பனியை யாரும் பார்த்ததில்லையாம். என் மகள் டாரியாவுக்குப் பிப்ரவரியில் பிரசவம். என் பேரப்பிள்ளை மணலில் நடை பழகுவதற்கா நான் வீட்டின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து தொட்டில் செய்தேன்? உங்களிடம் சொல்வதில் வெட்கமில்லை, அந்தத் தொட்டிலைப் பார்த்து நான் அழுதேன்.

அந்தச் சமயத்தில்தான் கரடி இரவு வந்தது. எல்லா வருஷமும் போலத்தான். பேட்ஜர்ஸின் முதல் கோல் விழுந்ததும் ஊரே கரடி பொம்மைகளைப் பனித்தளத்தில் எறியும், அவை ஆஸ்பத்திரிக் குழந்தைகளுக்குப் போகும். இந்த வருஷம் கோலே விழவில்லை. கரடியும் கையுமாக வந்தவர்கள் கரடியும் கையுமாகத் திரும்பினார்கள். அடுத்த ஆட்டத்துக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். அதிலும் விழவில்லை. எந்த டிரக்கைப் பார்த்தாலும் முன்சீட்டில் ஒரு கரடி பெல்ட் போட்டுக்கொண்டு போனது. என் கரடி கொஞ்சம் பெரிது. மாமனார் என்ற கௌரவத்துக்காகப் பள்ளிக்கூடத்துப் பையன் உயரத்தில் வாங்கிவிட்டேன். அது முன்சீட்டில் உட்கார்ந்ததால் ஸ்டெல்லா பின்சீட்டுக்குப் போனாள், இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் போன் போட்டு, குழந்தைகள் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். கோலுக்குக் காத்திருக்க வேண்டாம், வாசலில் பெட்டி வைத்து வாங்கிக்கொள்ளலாம் என்று ஹால் சொல்லிப் பார்த்தான். காபிக் கடையே எழுந்து நின்றுவிட்டது. "கோல் விழாம கரடி குடுத்தா அது நன்கொடை. அதுக்குத்தான் சர்ச் இருக்கே," என்றாள் டோரீன். ஹால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

ஆகவே, சனிக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய கடைசி ஆட்டம், எதிரே உங்கள் ஸ்டர்ஜன்ஸ். பல் கிட்டிக்கும் குளிரிலும் அரங்கத்தில் கால் வைக்க இடமில்லை. எல்லார் மடியிலும் கரடி. கடைசிக் கட்டம் வந்தும் இரண்டு பக்கமும் பூஜ்யம். அப்போது மாப்பிள்ளை ரப்பர் வட்டை வாங்கினார் பாருங்கள், சம்பந்தி, நீங்கள் பெற்ற பிள்ளையா அது! ஒருவனைச் சுற்றிக்கொண்டு, இன்னொருவனின் கால் சந்தில் விட்டு எடுத்து, மட்டையை ஓங்கி ஒரே அடி. வட்டு வலையின் மேல்கம்பத்தின் அடியில் பட்டு டங்கென்றது. அந்தச் சத்தத்துக்கு எழுந்து நிற்காதவன் இந்த ஊரில் பிறந்திருக்க முடியாது. நான் எழுந்தேன். கரடியைத் தலைக்குமேல் தூக்கினேன். கோதுமை மூட்டை தூக்கிப் பழகிய தோள் என்றாலும் கரடி கண்ணாடித் தடுப்பைத் தாண்டியிருக்காது. டோரீன் கீழிருந்து ஒரு தள்ளு தள்ளினாள். அதைக் கேமரா காட்டவில்லை என்பதைக் கவனிக்கவும்.

என் கரடி பறந்ததைப் பார்த்து ஊரே எறிந்தது. உங்கள் கோல்கீப்பர் இடுப்புவரை கரடிகளுக்குள் போய்விட்டான். அவனைத் தோண்டி எடுத்து, கரடிகளை அள்ளி முடித்து, கடைசியில் என் கரடியைப் புரட்டினால் அடியில் வட்டு இருக்கிறது. கம்பத்தில் பட்டுக் கீழே விழுந்த வட்டு, தானாக உருண்டு உருண்டு கோல் கோட்டைத் தாண்டப் போயிருக்கிறது. ஒரு விரல் இடைவெளி. அதன்மேல்தான் என் கரடி உட்கார்ந்திருந்தது.

கோல் இல்லை என்றார் நடுவர். அதோடு விட்டாரா, கரடி எறிந்து ஆட்டத்தைக் கெடுத்ததற்காக எங்கள் ஆள் ஒருவனைத் தண்டனைப் பெட்டிக்கு அனுப்பினார். கேப்டன் பழக்க தோஷத்தில் தானே போய் உட்கார்ந்தான். அந்த நேரத்தில் உங்கள் ஆட்கள் ஒன்று போட்டு ஜெயித்துவிட்டுப் போனார்கள். நான் மாப்பிள்ளையிடம் போய் நின்றேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "மாமா, இந்த லீக்லயே நல்ல கோல்கீப்பர் உங்க கரடிதான்," என்றார். அந்த மனசு யாருக்கு வரும்? டாரியாதான் அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட அம்மா வழியாகக் கேட்கிறாள்.

இருந்தாலும் நான் கவலைப்படவில்லை. கரடிகள் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டன. என்னுடையது மட்டும் குழந்தைகள் வார்டின் கதவுக்குள் நுழையாமல் வீட்டுக்குத் திரும்பி, என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. முக்கியமானது என்னவென்றால், அந்த அடியை ஊரே பார்த்தது. ஹால் பார்த்தான். உங்கள் அணியின் மேலாளர்கூட வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். இனி டெவினை எங்கள் ஊரிலிருந்து யாரும் அசைக்க முடியாது.

ஆகவே நீங்களும் சம்பந்தியம்மாவும் பிப்ரவரியில் இங்கே வந்துவிடுங்கள். அவ்வளவு தூரம் பஸ்ஸில் வர வேண்டியிருக்கிறதே என்று எனக்கு வருத்தம்தான். என்ன செய்வது, குழந்தை இருக்கும் இடத்துக்குத்தானே பெரியவர்கள் போக வேண்டும். உங்கள் ஊர் போர்ட் ஆஷைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். ஆனால் அந்த ஏரிக்காற்றும் மீன் நாற்றமும் பச்சைக்குழந்தைக்கு ஆகாது. உங்கள் அரங்கத்துக் காபியையும் நான் குடித்துப் பார்த்திருக்கிறேன், அதைப் பற்றி எழுதினால் உறவு கெடும். நம் பேரப்பிள்ளை பேட்ஜராகத்தான் வளரும்.

உங்கள் வீட்டுப் பனி, அள்ளும்போது உங்கள் முதுகு தாங்கும் அளவுக்கே விழட்டும். சம்பந்தியம்மாவுக்கு ஸ்டெல்லாவின் அன்பு.

என்றும் உங்கள்,
ஓரெஸ்ட் மெல்னிக்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போன நேரத்தில் ஹால் போன் செய்தான். டெவினைக் கைமாற்றிவிட்டானாம். பாலைவனத்துக்கு இல்லை, உங்கள் ஊருக்கு. அந்த ஓர் அடியை நேரில் பார்த்த உங்கள் மேலாளர் விடாமல் கேட்டு வாங்கிவிட்டாராம். கோல் விழுந்திருந்தால் ஹால் கொடுத்திருக்கவே மாட்டானாம். ஏரிக்காற்று குழந்தைகளுக்கு மிகவும் நல்லது என்று ஸ்டெல்லா படித்திருக்கிறாளாம். காபியைப் பற்றி எழுதியதையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். உங்கள் கார் ஷெட்டுக்கு மேலே உள்ள அறை காலியாக இருக்கிறதா? தொட்டிலைக் கழற்றி டிரக்கில் ஏற்றிவிட்டேன், நாங்களும் வருகிறோம். ஏற்றும்போது டாரியா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைக்குப் பிறகு முதன்முறையாக வாயைத் திறந்தாள். "அப்பா, அங்கயும் கரடி இரவு உண்டாம். நீங்க வெறுங்கையோட வாங்க."