பந்தல் ஆம்ப்ளிஃபயரும் பக்கத்துச் சுவரும்

வீட்டிலிருந்த ஒரே பஞ்சு ரஜாய்ப் போர்வையை எடுத்து ஆம்ப்ளிஃபயருக்குப் போர்த்தி, அதன்மேல் இரண்டு தலையணைகளை அடுக்கி, தலையணைகளின்மேல் தானும் ஏறி உட்கார்ந்தார் சந்தியாகு. அடியில் அதன் விசிறி, தீப்பெட்டிக்குள் அகப்பட்ட வண்டு மாதிரி முனகியது. அப்பாடா என்று அவர் மூச்சுவிடுமுன் சுவரில் சத்தம் வந்தது.

டொக். டொக். டொக்.

பக்கத்து வீட்டுப் பானுமதிதான். ரஜாய், தலையணை, அதற்குமேல் எண்பது கிலோ மனுஷன். இத்தனையையும் தாண்டிக் கேட்கிறதென்றால் அது காதா, இல்லை டிராம்பே அணுசக்திக்காரர்கள் வைத்திருக்கும் ஏதாவது கருவியா என்று அவருக்குச் சந்தேகம் வந்தது.

அந்த ஆம்ப்ளிஃபயர் குடித்தனம் நடத்துகிற வீட்டில் வைக்கிற சாமானே இல்லை. தாராவியில் பந்தல்களுக்கு ஒலிபெருக்கி கட்டும் சலாவுதீன், மைதானத்தில் பத்தாயிரம் பேரை ஆட வைத்துவிட்டு ஓய்வு கொடுத்த உருப்படி. அதை இரண்டு பேர் பல்லைக் கடித்துக்கொண்டு மாடிக்கு ஏற்றியபோது, சுனாபட்டி ஸ்டேஷனில் நின்ற லோக்கல் ரயில் ஒரு பக்கம் சாய்ந்ததாகக்கூடப் பேச்சு உண்டு. சுவிட்சைப் போட்டதும் அதன் முதுகிலிருந்த இரண்டு விசிறிகளும் விமானம் கிளம்புகிற மாதிரி இரைந்தன. வந்த காற்றில் சுவர்க் காலண்டர் அடுத்த மாதத்துக்குப் போய்விட்டது.

சந்தியாகு சலாவுதீனுக்குப் போன் போட்டார். வீட்டு சப்வூஃபருக்கு இவ்வளவு பெரிய காற்று எதற்கப்பா என்று கேட்டார்.

“அண்ணாச்சி, இது பந்தலுக்குன்னே செஞ்சது. மைதானத்துல எவன் ஃபேன் சத்தத்தக் கேக்கப்போறான்?” என்றார் சலாவுதீன்.

நியாயமான பேச்சு. ஆனால் சந்தியாகுவுக்கு மைதானம் வேண்டியிருக்கவில்லை. மனைவி ரோஸி வேண்டியிருந்தாள்.

ரோஸி மாதா கோயில் பாடகர் குழுவில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பாடுகிறவள். போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சலுக்கு ஊசிகள் போட்டார்கள். காய்ச்சல் போனது, போகும்போது இரண்டு காதுகளையும் கையோடு எடுத்துக்கொண்டு போனது. டாக்டர்கள் கையை விரித்தார்கள். காதில் மாட்டுகிற மெஷினும் சும்மா அலங்காரத்துக்குத்தான் ஆயிற்று. இந்த விஷயம் சந்தியாகு ஒருவருக்குத்தான் தெரியும். வெளியே தெரியக்கூடாது என்று ரோஸி சத்தியம் வாங்கியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை குழுவோடு நின்று வாயை மட்டும் அசைத்துவிட்டு வருவாள். யாராவது ஏதாவது சொன்னால் சிரித்துத் தலையாட்டுவாள். அவள் தலையாட்டி வைத்ததில் ஒருமுறை வீட்டுக்கு மூன்று பேர் சாப்பிட வந்து நின்றார்கள்; இன்னொருமுறை பங்குத் திருவிழாவுக்கு ஐந்நூறு முறுக்கு சுட்டுத் தருவதாக ஆகிவிட்டது. சுட்டாள். செவிடி என்று பெயர் வாங்குவதைவிட அது சுலபம்.

கணபதி ஊர்வலம் செம்பூர் முனையில் திரும்பிய அன்றுதான் எல்லாம் ஆரம்பித்தது. ஆள் உயர ஸ்பீக்கர்கள் லாரியில் அதிர்ந்துகொண்டு போயின. மற்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். ரோஸி சந்தியாகுவின் கையைப் பிடித்தாள்.

“ஏங்க, நெஞ்சுக்குள்ள கேக்குது.”

அவ்வளவுதான். மறுவாரம் ஆம்ப்ளிஃபயர் மாடியேறியது. கூடவே மாவுமில் தொட்டி அளவில் ஒரு சப்வூஃபர் பெட்டி. மாலையில் ரோஸி செருப்பைக் கழற்றிவிட்டுப் பெட்டிமேல் இரண்டு பாதங்களையும் வைத்து உட்காருவாள். கோயில் ஆர்கனின் அடிக்கட்டைச் சுரங்கள் உள்ளங்கால் வழியே ஏற, பாட்டு எந்த இடத்தில் இருக்கிறதென்று பிடித்துக்கொண்டு கூடவே பாடுவாள். சுருதி சுனாபட்டிக்கும் செம்பூருக்கும் நடுவில் தண்டவாளத்தில் நின்றாலும், தாளம் ஒரு நூல் தவறாது. சந்தியாகு எதிரே உட்கார்ந்து, தாம் அழுவது தெரியாமலிருக்கத் தலைகீழாகப் பேப்பர் படிப்பார்.

அதிர்வு யாருக்கும் தொந்தரவில்லை. கீழ்த்தளம் பூட்டிக் கிடக்கும் கோடவுன். தொந்தரவெல்லாம் விசிறிதான். பாட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் சுவிட்ச் போட்டிருக்கும் வரைக்கும் அது சுற்றும். அணைத்து அணைத்துப் போடலாமென்றால், ஒவ்வொரு தடவையும் பெட்டியிலிருந்து ‘டொம்’ என்று ஒரு அடி கிளம்பி ரோஸியைத் தூக்கிவாரிப் போட்டது. அதனால் ராப்பகலாக அப்படியே விட்டுவிட்டார். ஒரு ஞாயிறு பூசைக்குக் கிளம்பும்போதுதான் அதற்குப் பிறகு முதல் தடவையாக அணைத்தார். அணைத்த மறுநொடி சுவரில் அந்த டொக் டொக்.

சந்தியாகுவுக்கு உடம்பு கூசிப்போயிற்று. பாவி, இத்தனை நாளும் பல்லைக் கடித்துப் பொறுத்திருக்கிறாள், இன்றைக்கு அணைத்ததும் இனிமேல் போடாதே என்று சொல்கிறாள் என்று நினைத்தார். அதுவும் யார்? புருஷன் நாகராஜைப் பறிகொடுத்து இன்னும் வருஷம் திரும்பாதவள். நுரையீரல் கெட்டு நெடுநாள் கிடந்து போன மனுஷனைத் தூக்கியவர்களில் சந்தியாகுவும் ஒருவர். வருஷம் கழிகிற வரைக்கும் பானுமதி படி தாண்டி யார் வீட்டுக்கும் வரமாட்டாள். அவர்கள் முறை அது. துக்கத்தில் தனியாக இருக்கிற பொம்பிளை வாசலில் ஆம்பிளை போய் நின்று, அம்மா என் விசிறி எப்படி என்று கேட்கவும் முடியாது. இரண்டு வீட்டுக்கும் இடையில் பேச மிச்சமிருந்தது சுவர் ஒன்றுதான். அது ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

அதனால்தான் ரஜாய். ரஜாய்க்கும் டொக் டொக் வந்ததும் அவர் இன்னொரு தலையணையைத் தேடிக்கொண்டிருந்தபோது, மூச்சுமுட்டிப்போன ஆம்ப்ளிஃபயர் சூடேறிச் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு அணைந்தது. ரோஸி பாட்டின் நடுவில் இருந்தாள். கால்களுக்கு அடியில் பாட்டு காணாமல்போனது. இரண்டு அடி தனியாகப் பாடினாள். பிறகு பாதத்தை நகர்த்தி நகர்த்திப் பெட்டிமேல் தேடினாள், இருட்டில் படியைத் தேடுகிறவள் மாதிரி. அப்புறம் வாயை மூடிக்கொண்டாள். அந்த நிசப்தத்திலும் சுவர் விடவில்லை. முன்னைவிடப் பலமாகத் தட்டியது.

சந்தியாகு மறுபடி சலாவுதீனைப் பிடித்தார். விசிறிக்குப் போகிற கரண்டைக் குறைத்தால் மெதுவாகச் சுற்றும், ஆனால் பந்தல் சாமானின் மூச்சைப் பிடித்தால் அது பழிவாங்கும் என்று சலாவுதீன் எச்சரித்தார். சந்தியாகு எச்சரிக்கையை விட்டுவிட்டு யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டார். விசிறி இப்போது தூங்குகிற பூனை மாதிரி குறுகுறுத்தது. சுவர் தட்டுவது அன்றைக்கு நிற்கவே இல்லை.

வேறு வழியின்றி ரோஸியை அனுப்பினார். என்ன வேண்டுமென்று கேட்டுவரச் சொன்னார். கேட்காத காதைக் கேட்டுவர அனுப்புகிறோமே என்பது அவள் போன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

நெடுநேரம் கழித்து ரோஸி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“என்ன சொன்னா?” என்று உதட்டை அகல அசைத்தார்.

“நெறையச் சொன்னா.”

“அதான், என்ன?”

“எனக்கென்ன தெரியும்? எங் கையப் புடிச்சுக்கிட்டா. இந்தச் சுவத்தக் காட்டிக் காட்டி அழுதா. நானும் சரி சரின்னு தலையாட்டிட்டு வந்தேன்.”

சுவரைக் காட்டி அழுதாளா! இதற்குமேல் சாட்சி எதற்கு? சந்தியாகு அன்றே எலக்ட்ரானிக் கடைகள் இருக்கும் லாமிங்டன் ரோட்டுக்கு ரயிலேறினார். கம்ப்யூட்டருக்குப் போடுகிற விசிறி, சுற்றுவது கண்ணுக்குத் தெரியும், காதுக்குத் தெரியாது என்று கடைக்காரன் கர்த்தர்மேல் ஆணையாகச் சொன்னான். அவன் கும்பிடுகிற கர்த்தர் யாரென்று சந்தியாகு கேட்கவில்லை. வாங்கிவந்து, விரலில் மூன்று இடத்தில் வெட்டுப்பட்டு, மாட்டினார். போட்டார்.

சத்தமே இல்லை. வீட்டில் பல்லி நடந்தால் அதன் கால் தேய்வது கேட்டது. பெட்டியில் ஆர்கன் தடையில்லாமல் முழங்க, ரோஸி பாதங்களை வைத்துக் கண்ணை மூடினாள். சந்தியாகு முதல்முறையாகப் பேப்பரை நேராகப் பிடித்தார்.

அப்போது சுவர் இடித்தது. தட்டல் இல்லை, சதுர்த்திக்குத் தேங்காய் உடைக்கிற இடி. மாடத்திலிருந்த அந்தோனியார் சுரூபம் ஆடி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. ஓசையே இல்லாத விசிறிக்கு இந்த அடியென்றால், அந்தப் பெண்ணின் துக்கத்துக்குப் பக்கத்தில் இந்தப் பெட்டி இருப்பதே பாவம் என்று சந்தியாகு முடிவுக்கு வந்தார். இவளுக்குப் பாட்டைக் கொடுக்க அவளை அழவைப்பதா?

ரோஸிக்கு எதிரே முழங்காலிட்டு, பெட்டியைக் காட்டி, வாசலைக் காட்டி, கையை விரித்தார். அவள் சுவரைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள்.

“பரவாயில்ல,” என்றாள். “எல்லாப் பாட்டும் காலுக்கு மனப்பாடமாயிட்டு.”

சொல்லிவிட்டுப் பாதங்களைப் பெட்டியிலிருந்து எடுக்காமலே கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை சலாவுதீன் வந்தார். பழைய விசிறிகளைத் திரும்ப மாட்டி, ஓட்டிப் பார்த்துத்தான் எடுப்பேன் என்று சுவிட்சைப் போட்டார். விமானம் பழையபடி இரைந்தது. சந்தியாகு பயந்துபோய்ச் சுவரைப் பார்த்தார். சுவர் சும்மா இருந்தது. பாவம், தட்டித் தட்டிக் கை ஓய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். சலாவுதீன் திருப்தியோடு அணைத்தார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆம்ப்ளிஃபயரை வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். ரோஸி உள்ளே வெறும் பெட்டிமேல் கால் வைத்தபடி இருந்தாள்.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. பானுமதி நிலைப்படியில் நின்றாள். தலைவாரியிருக்கவில்லை. விரல்முட்டிகள் வீங்கியிருந்தன. ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தாள், அதைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தாள். பிறகு, வருஷம் திரும்பாத காலை எடுத்துப் படிக்கு வெளியே வைத்து, மாடிப்படியை மறித்துக்கொண்டு நின்றாள்.

சந்தியாகு தலையைக் குனிந்துகொண்டு, மன்னிச்சுக்கோம்மா, இன்னையோட தொல்லை விட்டுது என்றார்.

“அண்ணாச்சி, நிறுத்தச் சொல்லியா நான் தட்டுனேன்? அவுகளுக்கு வச்சிருந்த ஆக்சிஜன் மிஷினும் இந்தச் சுவரோரம் இப்படித்தான் ராப்பகலா இரையும். உங்க ஃபேன் சத்தம் அடங்குதப்பல்லாம் அவுக மறுபடியும் செத்துப் போறாவ.”