தொண்டைக்குழிப் பேய்

செருப்புக் கடை மாடியில் மொழிவள்ளல் வந்து இறங்கிவிட்டார்! பேசாத பிள்ளைகளைப் பேசவைக்கவே பிறந்தவராம். ஆளுயரப் பலகையில் ஸ்டெதஸ்கோப்பும் கையுமாகச் சிரிக்கிறார். காலை ஆறு மணிக்கே டோக்கன் வரிசை தெருமுனையைத் தாண்டுகிறது. செருப்பு வாங்க வந்தவர்கள்கூட, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு டோக்கன் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

ஒரு பிள்ளை பேசத் தாமதமாவதற்கு நூறு காரணம் இருக்கலாம். காது கேட்காமல் இருக்கலாம். வெறுமனே நேரம் வராமலும் இருக்கலாம். வள்ளலிடம் இருப்பது ஒரே காரணம். வீட்டில் இரண்டு பாஷை புழங்கினால், அதில் ஒன்று பேயாகிக் குழந்தையின் தொண்டைக்குழியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுமாம். எது என்று அவர் காதுக்கு மட்டும்தான் கேட்கும். மேடையில், எல்லோர் முன்னாலும், குழந்தையின் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பை வைப்பார். "வீட்ல என்னென்ன பாஷை? கூட்டிட்டு வந்தது யாரு?" என்று போகிறபோக்கில் கேட்பார். கண்ணை மூடுவார். "ஆ! கேட்டுடுச்சு!" என்று மைக்கில் ஒரு கத்தல். கூட்டம் கைதட்டும். அந்தப் பாஷைக்காரர் தொண்ணூறு நாள் குழந்தை முன்னால் வாய் திறக்கக் கூடாது. குழந்தையின் மணிக்கட்டில் நீலக் கயிறு. கயிறு இலவசம், முடிச்சுக்குத்தான் காசு.

இப்பேர்ப்பட்ட வள்ளலிடம்தான் தம்பியின் ஒன்றரை வயது மகளைத் தூக்கிக்கொண்டு போனாள் ஓர் அத்தை. அத்தைக்கும் தம்பிக்கும் ஒரு பாஷை. குழந்தையின் அம்மாவுக்கு வேறு பாஷை. அம்மாவுக்கு, சட்டைக் கம்பெனியில் தைத்த சட்டைகளைச் சரிபார்க்கும் வேலை. சாயங்காலம் வீடு திரும்பியவளுக்குத் தீர்ப்பு தயாராகக் காத்திருந்தது.

"உன் பாஷைதான் பேயாம். நான் சொல்லல, மெஷின் சொல்லுது," என்றாள் அத்தை.

"அது நெஞ்சு துடிக்கிறதைக் கேக்குற குழாய், அண்ணி. அதுல எப்படி பாஷை கேக்கும்?"

"எல்லாத்துக்கும் ஒரு கேள்வி! பிள்ளை ஊமையாப் போனா அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாத."

கணவன் வேன் ஓட்டுபவன். பெரிய வளைவுகளில்கூடத் தைரியமாகத் திருப்புவான். அக்கா எதிரில் மட்டும் நேரே போவான். "தொண்ணூறு நாள்தானே? பாப்பாவுக்காகத்தானே?" என்றான்.

அவளுக்கும் பயம்தான். ஒருவேளை உண்மையாக இருந்தால்? வாயை மூடிக்கொண்டாள். முதல் வாரம் குழந்தை அவள் உதடுகளுக்குள் விரலை விட்டுப் பிரித்துப் பார்த்தது, குரலை எங்கே ஒளித்துவைத்திருக்கிறாள் என்று தேடுவதுபோல. இரண்டாம் வாரம் அழுதது. மூன்றாம் வாரம், அவள் வேலையிலிருந்து வந்து நின்றபோது, திரும்பிக்கூடப் பார்க்காமல் விளையாடிக்கொண்டிருந்தது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். இன்னும் அறுபத்தொன்பது நாள்!

மறுநாள் கம்பெனியில் சாப்பாட்டு வேளையில், அயர்ன் மேஜையில் வேலை செய்யும் அக்காவிடம் சொன்னாள். அந்த அக்காவுக்கு இவள் பாஷை. அக்காவின் கணவருக்கு இவள் கணவனின் பாஷை.

அக்கா சாப்பிடுவதை நிறுத்தினாள். "என்னடி சொல்ற? நானும் போன மாசம் என் பையனைத் தூக்கிட்டுப் போனேன். அவங்கப்பா பாஷைதான் பேய்னுட்டாரு. மனுஷன் வீட்ல இன்னும் வாயைத் திறக்கல. நானும் நிம்மதியா இருக்கேன்."

"பையனோட யாருக்கா போனது?"

"நான் மட்டுந்தான். அவருக்கு டியூட்டி."

"எங்க பாப்பாவோட அண்ணி மட்டுந்தான். எனக்கு டியூட்டி."

அக்கா டிபன் டப்பாவைச் சட்டென்று மூடினாள்.

அந்தக் கம்பெனியில் சரிபார்ப்பவர்களையே சரிபார்க்க ஒரு வழி உண்டு. பழுது என்று ஒருவர் ஒதுக்கிய சட்டையை, அதில் கட்டிய சீட்டை மட்டும் மாற்றி, அவர் பார்க்கும் சட்டைக்கட்டுக்குள்ளேயே சூப்பர்வைசர் மறுபடி சொருகிவிடுவார். அதே ஆள் அதே சட்டையை இந்தத் தடவை 'நல்லது' என்று தள்ளினால், கோளாறு சட்டையில் இல்லை.

"அக்கா, நாமளும் சீட்டை மாத்திப் பார்ப்போமா?" என்றாள்.

சனிக்கிழமை வள்ளலிடம் குழந்தைக்கு இரண்டாம் பார்வை. அத்தை முன்வரிசையில் இடம்பிடித்திருந்தாள். அம்மா, துணி மாற்றுவதாகச் சொல்லிக் குழந்தையைத் தூக்கிப் போனவள், வெறும் கையோடு திரும்பினாள்.

"குழந்தை எங்கடி?"

"கூட வேலை செய்யிற அக்கா கையில. பேசாம மேடையைப் பாருங்க அண்ணி."

மேடையில் அயர்ன் மேஜை அக்கா. அவள் இடுப்பில் குழந்தை, தலையில் மஞ்சள் குல்லாயும் புதுக் கவுனுமாக, நீலக் கயிற்றைக் கழற்றிய கையில் பிஸ்கட்டோடு. மூன்று வாரத்துக்கு முன் இதே தொண்டையைக் கேட்ட வள்ளலுக்கு அடையாளம் தெரியவில்லை. போன மாதம் மகனோடு வந்த அக்காவையும் நினைவில்லை. அவர் கவனிப்பதெல்லாம் கொண்டுவந்தவர் சொல்லும் பதிலைத்தான். எந்தெந்தப் பாஷை என்று கேட்டார். யார் வந்தது என்று கேட்டார். "நான் மட்டுந்தாங்க. அவங்கப்பா வரல," என்றாள் அக்கா.

கண்ணை மூடினார். "ஆ! அப்பா பாஷை! அப்பா பாஷைதான் குரல்வளையைப் பிடிச்சு நெரிக்குது! அப்பன், அப்பன் வழிச் சொந்தம், ஒருத்தரும் தொண்ணூறு நாளைக்கு வாய் திறக்கக் கூடாது!"

கைதட்டலைக் கிழித்துக்கொண்டு எழுந்தாள் அத்தை. "யோவ்! அது எங்க வீட்டுப் பிள்ளைய்யா! போன தடவை அம்மா பாஷைன்னியே? இப்ப நான் வாயை மூடணுமா? நான்?"

தம்பி மனைவியின் வாயைப் பூட்டியபோது விஞ்ஞானமாக இருந்தது, தன் வாய்க்குப் பூட்டு வந்ததும் வெட்டவெளிச்சமாகப் பித்தலாட்டமாகிவிட்டது. அறிவு எந்த வழியாக வந்தால் என்ன, வந்ததே!

வள்ளல் அசரவில்லை. "பேய் இடம் மாறும்மா. அம்மா பாஷை போய், அப்பா பாஷை ஏறிடுச்சு."

அம்மா மேடையேறி மைக்கை வாங்கினாள். "இருக்கட்டும். இங்க வந்திருக்கிறவங்களை ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். பிள்ளையைத் தூக்கிட்டு நீங்க வந்தீங்களே, நீங்க பேசுற பாஷைதான் பேய்னு யாருக்காவது சொல்லியிருக்காரா? கையைத் தூக்குங்க."

அறுபது பேர். ஒரு கைகூட எழவில்லை. ஒவ்வொருவரும் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். பேயெல்லாம் வீட்டில் இருந்தது, டோக்கன் வாங்காமல்!

"கண்ணைக் கட்டிக்கோங்க சார். யார் தூக்கிட்டு வந்ததுன்னு சொல்லமாட்டோம். கேட்டுச் சொல்லுங்க," என்றாள்.

"சந்தேகத்தோட வந்தா மெஷின் வேலை செய்யாது," என்று ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டிய வள்ளல், பின்படிக்கட்டில் இறங்கியவர்தான். செருப்புக் கடை மாடியிலிருந்து செருப்பில்லாமல் ஓடினார்.

வெளியே வந்தும் அத்தைக்குப் புலம்பல் ஓயவில்லை. "அவன் திருடன்தான். ஆனா பாப்பா பேசலயே! என்கிட்ட மொத்தமே மூணு வார்த்தை."

"என்கிட்ட அஞ்சு பேசிட்டிருந்தா அண்ணி. நீங்க உங்க மூணை மட்டும் எண்ணுனீங்க. நான் பயத்துல என் அஞ்சையும் மறந்துட்டேன்."

மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, மூன்று வாரத்துக்குப் பிறகு, பெயரைச் சொல்லித் தன் பாஷையில் கொஞ்சினாள். குழந்தை அவள் முகத்தையே பார்த்தது. எதிரே ஒரு நாய் ஓடியது. குழந்தை கையை நீட்டி, அம்மாவிடம் அம்மா பாஷையில் நாய் என்றது. பிறகு அத்தை பக்கம் திரும்பி, அத்தை பாஷையில் நாய் என்றது.

யாரிடம் எந்தப் பாஷையில் பேச வேண்டும் என்று ஒன்றரை வயதுக்குத் தெரிந்திருக்கிறது. யாரிடம் என்ன கேள்வி கேட்க வேண்டும் என்று அறுபது பெரியவர்களுக்குத் தெரியவில்லை. வள்ளல் வேறொரு மாடி பார்த்துக்கொண்டிருப்பார். பிள்ளைக்குப் பேச்சு வரும், அவசரமில்லை. பெற்றவர்களே, உங்களுக்குக் கேள்வி எப்போது வரும்?